தேசிய அணிக்கு யார் பயிற்சியாளர்: வீட்டு ஆளா, கிளப் ஜாம்பவானா, வெளிநாட்டவரா?

ஒரு தேசிய அணியின் பயிற்சியாளர் நாற்காலி காலியானதும் கால்பந்துச் சங்கத்தின் மேசைக்கு மூன்று வகைப் பெயர்கள் வரும். சங்கத்தின் இளையோர் அணிகளை வளர்த்துக்கொண்டிருப்பவர், பெரிய கிளப்பில் கோப்பைகளைக் குவித்தவர், வெளியிலிருந்து வரும் அனுபவசாலி. ரசிகர்களின் ஆசை பெரும்பாலும் இரண்டாமவர் மேல்தான். இளையோர் அணிகள் ஒழுங்காக நடக்கும் நாட்டில் அந்த ஆசை தவறு என்றே நினைக்கிறோம். காரணம் திறமை அல்ல, நேரம்.

ஃபிஃபா ஒதுக்கும் வழக்கமான சர்வதேச இடைவெளி ஒரு திங்களில் தொடங்கி அடுத்த வாரச் செவ்வாயில் முடியும். ஒன்பது நாள், இரண்டு ஆட்டம். ஞாயிறு இரவு கிளப்புக்காக 90 நிமிடம் ஆடியவர் திங்கள் மதியம் முகாமுக்கு வருவார். அன்று சைக்கிள் மிதிப்பதும் மசாஜும்தான். செவ்வாயன்று பாதிப் பேரால்தான் முழு வேகத்தில் ஓட முடியும். புதன் ஒரு நாள்தான் மொத்த அணியும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைக்கும். வியாழன் இலேசான பயிற்சி, வெள்ளி ஆட்டம். அதன்பின் ஓய்வு, பயணம், மறுபடி இலேசான பயிற்சி, செவ்வாய் ஆட்டம். உருப்படியான பயிற்சி என்று தாராளமாக எண்ணினாலும் இரண்டுதான் தேறும். ஆண்டுக்குச் சில முறை இப்படி. கிளப் பயிற்சியாளருக்கு சீசன் தொடங்குமுன் இரண்டே வாரத்தில் கிடைத்துவிடுகிற அளவு அது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இவருக்கு எவ்வளவு தெரியும் என்பதல்ல. இவர் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்து முடித்தது எவ்வளவு என்பதுதான்.

வீட்டு ஆள்

இதற்குத் தெளிவான உதாரணம் ஸ்பெயினின் லூயிஸ் டே லா ஃபுயென்தே. 2015-இல் 19 வயதுக்குட்பட்டோர் யூரோ (ஐரோப்பியக் கோப்பை), 2019-இல் 21 வயதுக்குட்பட்டோர் யூரோ, இரண்டையும் வென்றவர். 2022 உலகக் கோப்பைக்குப் பிறகு மூத்தோர் அணி கைக்கு வந்தபோது, உனாய் சிமோன், ரோத்ரி, மெரினோ போன்றோர் அவரிடம் பதின்வயதிலேயே ஆடியவர்கள். 2024 யூரோ காலிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக 119-வது நிமிடம்: தானி ஒல்மோ பந்தைத் தூக்கிப் போட, மாற்று ஆட்டக்காரராக வந்திருந்த மெரினோ தலையால் முட்டி உள்ளே தள்ளினார். இறுதியாட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 86-வது நிமிடத்தில் வெற்றி கோல் அடித்த ஓயர்சபாலும் பெஞ்சிலிருந்து வந்தவர். மூவருமே 2019-இல் அந்த 21 வயதுக்குட்பட்டோர் அணியில் இருந்தவர்கள். பெஞ்சில் இருப்பவர் யார், களைத்த தற்காப்புக்கு எதிராக அவர் எங்கே ஓடுவார் என்பது பயிற்சியாளருக்கு ஆண்டுக்கணக்கில் தெரியும். 26 பேர் பட்டியலின் கடைசி மூன்று இடங்களை நிரப்பும்போது இந்த அறிவுக்கு விலையே இல்லை.

அர்ஜென்டினாவின் ஸ்கலோனி 2018-இல் தற்காலிகமாக வந்து நிலைத்தவர். 2022 உலகக் கோப்பையில் சவுதியிடம் 1-2 எனத் தோற்று 36 ஆட்டத் தோல்வியில்லாத் தொடர் முறிந்தது. அடுத்து மெக்சிகோவுக்கு எதிராக ஐந்து பேரை மாற்றினார். மாக் அலிஸ்டர் உள்ளே வந்தார். அதே ஆட்டத்தில் மாற்றாக வந்து கோல் அடித்த என்ஸோ ஃபெர்னாண்டஸ் அதற்கடுத்த போலந்து ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே ஆடினார். ஜூலியன் ஆல்வரஸும் போலந்துக்கு எதிராகத் தொடக்கத்திலிருந்தே ஆடினார். வீட்டு ஆள் என்றாலே மாற்றத்துக்கு அஞ்சுபவர் என்ற குற்றச்சாட்டுக்கு இது நல்ல பதில்.

ஆனால் அந்தக் குற்றச்சாட்டு வெறும் பேச்சும் அல்ல. 2014-இல் உலகக் கோப்பை வென்ற யோவாக்கிம் லோவ், 2018-இல் அந்த வெற்றியின் பழைய தூண்களையே நம்பி மெக்சிகோவிடமும் தென் கொரியாவிடமும் தோற்றுக் குழுச் சுற்றிலேயே வெளியேறினார். கோப்பை தந்தவரை உட்கார வைக்க மனம் வராததுதான் இந்த வகையினரின் நோய். சங்கம் ஒவ்வொரு பெருந்தொடருக்குப் பின்னும், 30 வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் மாற்று யார் என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

கிளப் ஜாம்பவான்

ஹன்ஸி ஃபிளிக் பயர்ன் மியூனிக் கிளப்பில், எதிரணிப் பக்கமாக மேலேறி நிற்கும் தற்காப்பு வரிசையையும், பந்தைப் பறிக்க ஓயாமல் நெருக்கும் பிரஸ்ஸிங்கையும் வைத்து எல்லாவற்றையும் வென்றார். அதையே ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். 2022 உலகக் கோப்பையில் ஜப்பானுக்கு எதிராக 83-வது நிமிடத்தைப் பாருங்கள். இதாகுரா தன் பாதியிலிருந்து ஒரு ஃப்ரீ கிக்கை நீளமாக அடிக்கிறார். தற்காப்பு வரிசை மேலே நிற்கிறது; வலப்பக்கம் ஸூலே மட்டும் பின்தங்கி நிற்க, அசானோ ஆஃப்சைட் ஆகாமல் தப்பிப் பந்தை அடக்கி, ஷ்லோட்டர்பெக்கைத் தோளில் சுமந்தபடி ஓடி, குறுகிய கோணத்தில் கோல்கீப்பர் நொய்யருக்கு மேலே அடிக்கிறார். ஜப்பானுக்கு 2-1 வெற்றி. அன்றைய பின்வரிசை நால்வரும் மூன்று வெவ்வேறு கிளப்புகளிலிருந்து வந்தவர்கள். ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் வரிசை தினமும் பழகினால்தான் வரும். புதன்கிழமை ஒரு மணி நேரத்தில் வராது. 2023 செப்டம்பரில் அதே ஜப்பானிடம் 1-4 என வீழ்ந்ததும் ஃபிளிக் நீக்கப்பட்டார்.

கிளப்பிலிருந்து வருபவர் தேறவே மாட்டார் என்று சொல்லவில்லை. தன் புத்தகத்தில் முக்கால்வாசியைக் கிழித்துப் போடத் தயாராக இருக்க வேண்டும். இரண்டு பயிற்சிகளில் கற்பிக்கக் கூடியவை மூன்று: பந்து பறிபோனதும் எங்கே ஒதுங்கி நிற்பது, தற்காப்புப் பகுதியிலிருந்து பந்தை வெளியே கொண்டுவர ஒரே ஒரு வழி, செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக் போல நின்ற பந்திலிருந்து தொடங்குபவை). இதில் கடைசியானதற்குத்தான் செலவிடும் நேரத்துக்கு அதிகப் பலன். தினம் கால் மணி நேரம் போதும், களைத்த கால்களுக்கும் பாரமில்லை. 2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்து அடித்த 12 கோல்களில் 9, பெனால்ட்டிகளையும் சேர்த்து, நின்ற பந்திலிருந்து வந்தவை. அதைத் திட்டமிட்ட பயிற்சியாளர் சவுத்கேட்டும் 21 வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து உயர்ந்தவர்தான்.

வெளிநாட்டவர்

1930 முதல் 2022 வரை நடந்த 22 ஆண்கள் உலகக் கோப்பைகளில் ஒன்றைக்கூட வெளிநாட்டுப் பயிற்சியாளர் வென்றதில்லை. இது பலருக்கும் தெரிந்த கணக்கு, ஆனால் பாதி உண்மைதான். பெரிய நாடுகள் வெளியாளை அதிகம் அழைப்பதில்லை. நடுத்தர அணிகளிடம் கதை வேறு. ஓட்டோ ரேஹாகல் கிரீஸுடன் தொடங்கிய முதல் ஆட்டத்திலேயே பின்லாந்திடம் 1-5 எனத் தோற்றார். 2004 யூரோவில் காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் 1-0 என வென்றார். மூன்று கோலும் தலையால் முட்டியவை, இரண்டு கார்னரிலிருந்து வந்தவை. அவரும் கிளப் உலகத்திலிருந்து வந்தவரே. ஆனால் கையில் இருந்த ஆட்களுக்கு ஏற்ற ஆட்டத்தை ஆடினார். எர்வே ரெனார் 2012-இல் ஸாம்பியாவுக்கும் 2015-இல் ஐவரி கோஸ்ட்டுக்கும் ஆப்பிரிக்கக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

வெளியாள் ஜெயிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சங்கம் அவருக்கு நேரத்தை வாங்கித் தர வேண்டும். 2002-இல் தென் கொரியா ஹிடிங்கின் கீழ் நான்காம் இடம் பிடித்ததற்குப் பின்னால், உள்நாட்டு லீக்கே வழிவிட்ட நீண்ட முகாம்கள் இருந்தன. வீரர்கள் ஐரோப்பாவில் சிதறிக் கிடக்கும் நாடு இதை நகலெடுக்க முடியாது.

வீரர்களுடன் முறுக்கிக்கொள்வதும் இந்த வகையில் அடிக்கடி நடக்கிறது. ஹலில்ஹோட்ஸிச் மொராக்கோவில் நட்சத்திர வீரர் ஸியேஷை ஒதுக்கிவைத்தார். 2022 ஆகஸ்டில் பதவி போனது. மொராக்கோக்காரரான ரெக்ராகுய் வந்து ஸியேஷை அழைத்து, சில மாதங்களில் உலகக் கோப்பை அரையிறுதி வரை போனார்.

ஒப்பந்தம்

யாரை எடுத்தாலும், பெருந்தொடர் முடியும்வரை வேறு அணியுடன் பேசக் கூடாது என்ற பிரிவும், மீறினால் சங்கம் என்ன செய்யும் என்பதும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கட்டும். துணைப் பயிற்சியாளர்களில் ஒருவராவது சங்கத்தின் சொந்த ஆளாக இருப்பது நல்லது. 2024 தொடக்கத்தில் ஆப்பிரிக்கக் கோப்பையின் குழுச் சுற்று முடிந்ததும் ஐவரி கோஸ்ட் தன் பயிற்சியாளர் கஸ்ஸேவை இழந்தபோது, உள்ளேயே இருந்த எமர்ஸ் ஃபாயே பொறுப்பேற்றுக் கோப்பையை வென்றார். 2018 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு அப்படி அமையவில்லை. லோபெதேகி இளையோர் அணிகளிலிருந்து வளர்ந்த வீட்டு ஆள். 20 ஆட்டங்களில் தோற்காதவர். ரியல் மாட்ரிட் அவரைத் தன் அடுத்த பயிற்சியாளராக அறிவித்த மறுநாள், முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, நீக்கப்பட்டார். அவசரமாக அமர்த்தப்பட்ட ஹியர்ரோவின் அணி ரஷ்யாவிடம் பெனால்ட்டியில் வெளியேறியது.