ஐஎல்ஸ்பையோடு நாலு வருடம்: எல்லாம் தெரிகிறது, பெயர் மட்டும் இல்லை

போன வாரம் தொண்டியிலிருந்து நண்பன் கேட்டான்: "மாப்ள, டிஎல்எல் ஃபைலுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க நீ எதை வச்சிருக்க?" டிஎல்எல் என்பது மென்பொருளின் நிரலை அடைத்து வைத்த கோப்பு; அதைப் பிரித்து நாம் படிக்கிற மாதிரி நிரலாகக் காட்டும் கருவி ஐஎல்ஸ்பை. அந்தப் பெயரை மட்டும் ஒரே சொல்லில் பதிலாக அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு மனசு உறுத்தியது. அப்படி ஒரு சொல்லில் முடிகிற கதை இல்லை இது.

மண்டபம் பக்கம் ஒரு இறால் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எடை மேடையிலிருந்து எடையை வாங்கிச் சீட்டு அடிக்கிற மென்பொருள் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் எழுதியது. எழுதிக் கொடுத்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள். மூல நிரல் எங்களிடம் இல்லை. ஒரு நாள் படகுக்காரர் ஒருவர் சீட்டை நீட்டினார். "தம்பி, மேடையில 12.25 கிலோன்னு என் கண்ணால பாத்தேன். 12.3 தானே வரணும்? 12.2 போட்டிருக்கு." அன்றைக்கே இன்னொரு கூடையின் 12.35 ஒழுங்காக 12.4 ஆகியிருந்தது. அதனால் மேடையைத்தான் சந்தேகப்பட்டோம். எடைக்கல் வைத்துப் பார்த்தும் ஒன்றும் சிக்கவில்லை.

அப்புறம் தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, எனக்கும் உட்கார நேரம் கிடைத்தது. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு டிஎல்எல்லை ஐஎல்ஸ்பைக்குள் இழுத்துப் போட்டேன். டாட்நெட் டிஎல்எல்லில் பொதுவாக இருப்பது இடைநிலை மொழி, அதாவது நாம் எழுதும் நிரலுக்கும் எந்திர மொழிக்கும் நடுவில் நிற்பது. கிளாஸ், மெத்தட் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) பெயர்களும் மெட்டாடேட்டாவாக, அதாவது கூடுதல் விவரமாக, கூடவே வரும். அதனால்தான் சி ஷார்ப் மொழி நிரலாகத் திருப்பித் தர முடிகிறது. சீட்டில் அச்சாகும் 'நிகர எடை' என்ற சொல்லைத் தேடினேன், வந்தது. வலது கிளிக்கில் அனலைஸ் கொடுத்தால் அந்த மெத்தடை யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று வரிசையாகக் காட்டுகிறது. இந்த ஒரு வசதிக்காகவே ஐஎல்ஸ்பையை எழுதியவர்களைக் கும்பிடலாம். அரை மணி நேரத்தில் குற்றவாளி வரியில் நின்றேன்: மேத் டாட் ரவுண்ட், அடைப்புக்குள் நம்3, 1. நம்3 என்ற எண்ணை ஒரு தசம இடத்துக்குச் சுருக்கு என்று அர்த்தம்.

டாட்நெட்டில் வேறொன்றும் சொல்லாமல் ரவுண்ட் போட்டால், சரிபாதியில் நிற்கும் எண் பக்கத்து இரட்டைப்படை இலக்கத்துக்குப் போகும். 12.25 கீழே இறங்கி 12.2, 12.35 மேலே ஏறி 12.4. மேடை 50 கிராம் படியில் எடை காட்டுவது என்பதால் இந்தச் சரிபாதி அடிக்கடி வந்துகொண்டே இருந்தது. படகுக்காரர் சொன்னதில் தப்பே இல்லை.

சரி, அந்த நம்3 எது? மொத்த எடையா, கூடை கழித்ததா, ஐஸ் தண்ணீர் கழித்ததா? இங்கேதான் எனக்கு எரிச்சல் தொடங்குகிறது. மெத்தடுக்குள் மதிப்புகளைப் பிடித்து வைத்திருக்கும் மாறிகளின் பெயர் டிஎல்எல்லில் இருக்காது, பிழை தேட உதவியாகக் கூட வரும் பிடிபி கோப்பில்தான் இருக்கும். அது இல்லையென்றால் ஐஎல்ஸ்பை தானே பெயர் வைக்கும். எண்ணா, நம். சொல்லா, டெக்ஸ்ட். ஆமா இல்லையா என்றால் ஃபிளாக். ஒரே மெத்தடில் நம்9 வரை போனது. நோட்டுப் புத்தகத்தில் அட்டவணை போட்டு, ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று பின்னாலேயே நடந்து இரண்டு ராத்திரி போயிற்று. கடைசியில் முழுவதையும் ப்ராஜெக்டாகச் சேமித்து, நிரல் எழுதும் விஷுவல் ஸ்டுடியோவில் ஒவ்வொரு பெயராக மாற்றினேன். ரவுண்டையும் திருத்தினேன்.

கருவியைக் குறை சொல்வது நியாயமில்லை, தெரியும். இல்லாத பெயரை எங்கிருந்து கொண்டுவரும்? இதே வேலையைச் செய்த ரிஃப்ளெக்டர் என்ற கருவி இனி இலவசம் இல்லை என்று 2011இல் அறிவித்தபோது பிறந்தது ஐஎல்ஸ்பை. இன்றுவரை காசு கேட்டதில்லை. இதே வகைக் கருவியான டிஎன்ஸ்பை 2020இல் நின்றுபோனது, இது ஓடிக்கொண்டிருக்கிறது. நேரடியாக எந்திர மொழிக்கு மாற்றிய சி++ டிஎல்எல்லைக் கொடுத்தால் இதால் நிரலாக்கித் தர முடியாது, அதையும் நான் குறையாகச் சொல்லவில்லை.

ஆனால் நண்பனுக்கு இன்று இரண்டாவது பதில் அனுப்பியிருக்கிறேன்: ஐஎல்ஸ்பையை நம்பி இறங்காதே, எழுதிக் கொடுத்தவன் ஊரில் இருக்கும்போதே மூல நிரலைக் கேட்டு வாங்கு. நேற்று ராத்திரி ஐஸ் கணக்கு டிஎல்எல்லைத் திறந்தேன். அதில் நம்14 வரை இருக்கிறது.