"அக்டோபருக்கு மேல ஓடாதுக்கா" என்று யாராவது வந்தால்

பெங்களூரில் ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர், டியூஷன் சென்டர், சின்ன ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருக்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். விண்டோஸ் 10-ஐச் சாக்காகச் சொல்லி நல்ல கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஸ்ரீராமபுரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் டிடிபி கடை நடத்துகிறோம். கல்யாணப் பத்திரிகை, அம்மன் கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கூடவே ஆதார், பான் விண்ணப்பம். மூன்று சிஸ்டத்துக்கும் ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) கொடுத்திருந்தது எஸ்.பி. ரோடு பக்கம் இருக்கும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனிக்கு. முதலாளி தமிழர்தான். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். புகார் நடந்துகொண்டிருப்பதால் பேர் போடவில்லை. செய்த வித்தை தெரிந்தால் போதும், ஆளை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

2025 செப்டம்பரில் சர்வீஸுக்கு வந்த பையன், "அக்கா, அக்டோபர் 14-க்கு மேல விண்டோஸ் 10 ஓடாது. பேங்க் சைட், ஜிஎஸ்டி சைட் எதுவுமே திறக்காது" என்றான். மைக்ரோசாஃப்ட்டின் சோதனை ஆப்பையும் போட்டுக் காட்டினான். மூன்று சிஸ்டத்திலும் 'விண்டோஸ் 11-க்கு இது தகுதியில்லை' என்றே வந்தது. கம்பெனிக்காரன் ஆப்பே சொல்லும்போது யார் மறுத்துப் பேசுவது? சாயங்காலமே முதலாளி போன் செய்தார். "புது ஐ5, விண்டோஸ் 11 போட்டே தரேன் தங்கச்சி. ஒண்ணு 24,000. பழசுக்கு ரெண்டாயிரம் கழிச்சுக்கலாம்." தீபாவளி நோட்டீஸ் வேலை குவிந்துகொண்டிருந்தது. மூன்றையும் மாற்றினோம்.

உண்மை இதுதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது விண்டோஸ் 10-க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட். சிஸ்டம் அன்றைக்கும் ஓடியது, இன்றைக்கும் ஓடுகிறது. அப்டேட் இல்லாமல் இன்டர்நெட்டில் வைத்திருப்பது நாளாக நாளாக ஆபத்து என்பது சரி. அதற்கும் வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் அது காசில்லாமலே கிடைக்கும். இதில் ஒரு வார்த்தை கூட அந்தப் பையன் வாயிலிருந்து வரவில்லை. அவனுக்கு டார்கெட் இருந்திருக்கும், அவன்மேல் எனக்குப் பெரிய கோபமில்லை.

பங்குனி முகூர்த்தப் பத்திரிகைகள் மும்முரமாக ஓடும்போது திரையின் வலது மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக எழுத்து வந்து நின்றது. முதலில் ஒன்றில், பிறகு மூன்றிலும். போன் செய்தால், "சர்வர் பிராப்ளம். ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தா கீ மாத்திடலாம்" என்றார்கள். எனக்குப் பொறி தட்டியது. ஒரு சிஸ்டத்தை ஆட்டோவில் ஏற்றி எஸ்.பி. ரோட்டில் வேறொரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கன்னடக்காரப் பெரியவர். மூடியைக் கழற்றிப் பார்த்தவர், "ஹளே போர்டு கணம்மா, கேபினெட் மாத்ர ஹொசது" (போர்டு பழசும்மா, பெட்டி மட்டும்தான் புதுசு) என்று சிரித்துவிட்டார்.

பெட்டி புதுசு, உள்ளே இருந்தது ஐ5-4570. 2013-இல் வந்த ப்ராசஸர். இப்படி நான்கு இலக்கம் இருந்தால் கோட்டுக்கு அப்புறம் வரும் முதல் எண்தான் தலைமுறை, அதாவது இது நான்காவது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. சோதனையை ஏமாற்றித் தாண்டி ஏற்றியிருக்கிறார்கள். விண்டோஸும் காசு கொடுத்து வாங்கியதல்ல. பெரிய நிறுவனங்கள் விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கேஎம்எஸ் முறையைப் போலியாகப் பயன்படுத்தியது. அது 180 நாளுக்குள் புதுப்பிக்கப்படாவிட்டால் காலாவதியாகிவிடும். பங்குனியில் எழுத்து வந்த மர்மம் அவ்வளவுதான்.

வயிறு எரிந்தது அடுத்ததைக் கேட்டுத்தான். நாங்கள் எக்ஸ்சேஞ்சில் கொடுத்த மூன்றில் ஒன்று ஐ3-8100. எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 அனுமதிப் பட்டியலிலேயே இருக்கிறது. பிறகு ஏன் ஆப் தகுதியில்லை என்றது? விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அந்தக் கால டெஸ்க்டாப் போர்டுகள் பலவற்றில் அது இன்டெல் பிடிடி என்ற பெயரில் உள்ளேயே இருக்கும், ஆனால் பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸில்) ஆஃப் ஆகியிருக்கும். பயாஸுக்குள் போய் ஆன் செய்திருந்தால் பெரும்பாலும் காசில்லாமலே ஏறியிருக்கும். ஏ.எம்.சி. பார்ப்பவருக்கு இது தெரியாது என்று நம்ப நான் தயாரில்லை. ஆக, தகுதியுள்ள சிஸ்டத்தை இரண்டாயிரத்துக்கு வாங்கிக்கொண்டு, தகுதியில்லாத பழசை 24,000-க்குக் கொடுத்திருக்கிறார்கள்.

சரிபார்ப்பது கஷ்டமில்லை. டாஸ்க் மேனேஜரில் பர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தால் ப்ராசஸரின் முழு எண் தெரியும். 'ஐ5 சார்' என்று சொன்னால் எந்த ஐ5 என்று எண்ணைக் கேளுங்கள். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, எஸ்எல்எம்ஜிஆர் என்ற ஐந்தெழுத்து, ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, பிறகு எக்ஸ்பிஆர் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வரவேண்டும். ஒரு தேதி வந்தால், விற்றவரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள்.

எங்களுக்குக் கொடுத்த பில், எஸ்டிமேட் என்று அச்சடித்த பேடில் கையால் எழுதியது. சீரியல் எண் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. டாக்ஸ் பில் கேட்டபோது "18 சதவீதம் கூடுமே தங்கச்சி" என்றார். அந்தச் சீட்டோடு யுபிஐ கட்டணப் பதிவையும் வாட்ஸ்அப் பேச்சையும் சேர்த்துத்தான் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார் கொடுத்தோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமே கிடையாது. கடைக்காக வாங்கியது என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியது சட்டத்தில் அடங்கும்.

புகாருக்குப் பிறகு தங்கச்சி போய் மேடம் ஆகிவிட்டேன். பத்தாயிரம் தருகிறேன், புகாரை எடுத்துவிடுங்கள் என்றார். மறுத்துவிட்டோம். அந்த 8100 பெட்டியை மட்டும் திருப்பி அனுப்பினார், ஹார்ட் டிஸ்க் இல்லாமல். மூன்று டிஸ்க்குமே ஸ்கிராப்பில் போய்விட்டதாம். "ஃபார்மட் பண்ணிட்டுத்தான் கொடுத்தோம்" என்கிறார். குயிக் ஃபார்மட்டில் அழிவது பெரும்பாலும் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான். ரெக்கவரி சாஃப்ட்வேர் இருந்தால் ஃபைல்களை எடுத்துவிடலாம். எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறவர்கள் டிஸ்க்கைக் கழற்றி வாங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுங்கள். அதற்காக ஐந்நூறு குறைத்தால் குறைக்கட்டும்.

அந்த டிஸ்க்குகளில் எங்கள் பத்திரிகை டிசைன்களோடு வாடிக்கையாளர்களின் ஆதார், பான் நகல்களும் இருந்தன. 2025 செப்டம்பருக்கு முன் எங்கள் கடையில் ஆதார் வேலை செய்தவர்கள் மைஆதார் தளத்திலோ ஆதார் ஆப்பிலோ பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். போனில் செய்யத் தெரியாதவர்கள் கடைக்கு வாருங்கள், காசு வாங்காமல் செய்து தருகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் மதியம் வரை திறந்திருக்கும்.