பூயிக்டெக் இக்யூ: கிக்கில் எப்படி வைப்பது, எங்கே சறுக்கும்

1950-களில் தொடங்கி அமெரிக்காவின் பல்ஸ் டெக்னிக்ஸ் தயாரித்த புல்டெக் இக்யூ (ஒலியின் அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் ஈக்வலைசர்) கருவிகளை வேவ்ஸ் நிறுவனம் பிளக்இன், அதாவது இசை மென்பொருளுக்குள் போடும் துணை நிரல், ஆக்கியிருப்பதுதான் பூயிக்டெக். இக்யூபி-1ஏ, எம்இக்யூ-5 இரண்டும் இதில் உண்டு. காசு கொடுக்கத் தகுந்தது முதலாவதுதான், அதிலும் தாழ்ந்த அதிர்வெண்களுக்கான அதன் லோ பகுதி.

அங்கே 20, 30, 60, 100 ஹெர்ட்ஸ் என நான்கே அதிர்வெண்கள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தால், அதை ஏற்ற பூஸ்ட், இறக்க அட்டென் என்று தனித்தனித் திருகு. இரண்டையும் சேர்த்து ஏற்றினால் ஒன்றையொன்று அடித்துவிடும் என்று தோன்றும். ஆனால் அட்டெனின் வளைவு பூஸ்டைவிடச் சற்று மேலே தள்ளி விழுகிறது. 60-இல் பூஸ்டை 5-க்கு ஏற்றி, அட்டெனை 3-இலிருந்து மெல்ல நகர்த்துங்கள். கிக்கின் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அடி கனக்கும். அதற்கு மேலே ஒரு பள்ளம் விழுந்து, அட்டைப்பெட்டியைத் தட்டுவது போன்ற சத்தம் விலகும். எவ்வளவு அழகான வேலை! கிக்குக்கு 60 என்றால் பேஸ் கிட்டாருக்கு 100 வையுங்கள். இரண்டுக்கும் 60 வைத்தால் எல்லாம் சேரும் மாஸ்டரில், சத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டர் மூச்சுத் திணறும்.

திருகிலுள்ள 5 என்பது 5 டெசிபல் அல்ல, வெறும் அளவுக்குறி. குரலுக்கு 12 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ், பேண்ட்வித் (ஏற்றம் பரவும் அகலம்) பிராடு பக்கம், பூஸ்ட் 3 போதும். பேண்ட்வித்தைக் குறுகலான ஷார்ப் பக்கம் திருப்பினால் அதே 3 இன்னும் கூடுதலாக ஏற்றும். 8 கிலோஹெர்ட்ஸில் அப்படிச் செய்தால் ‘ஸ’, ‘ஷ’ காதைக் குத்தும்.

பிளக்இன்னைப் போட்டதும் அதன் மெயின்ஸ் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். பழைய கருவியின் மின் இரைச்சலையும் நகலெடுத்திருக்கிறார்கள். இருபது டிராக்கில் போட்டால் அத்தனையும் சேர்ந்து கேட்கும். உள்ளே வரும் சராசரி அளவு -18 டெசிபல் அருகே இருக்கட்டும். பூஸ்ட் செய்தபின் வெளியீட்டைக் குறைத்து, பைபாஸோடு (பிளக்இன் வேலை செய்யாத நிலை) சமமான சத்தத்தில் ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் சத்தம் கூடியதையே தரம் என்று காது நம்பிவிடும்.

ஒரே இடத்தில் ரீங்கரிக்கும் அதிர்வெண்ணைக் குறுகலாக வெட்ட இது உதவாது. அதற்கு உங்கள் மென்பொருளின் சாதாரண இக்யூவை இதற்கு முன்னால் போடுங்கள்.

ஆப்பிளின் லாஜிக் இசை மென்பொருள் வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம்; இதே வகை விண்டேஜ் டியூப் இக்யூ அதிலேயே இருக்கிறது. மற்றவர்கள் முதலில் இக்னைட் ஆம்ப்ஸின் இலவச பிடிஇக்யூ-எக்ஸ் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன பூஸ்ட்-அட்டென் வித்தை அதிலும் நடக்கும்.

எதை எடுத்தாலும், கிக்கை இரண்டு டிராக்காக்கி ஒன்றில் மட்டும் போடாதீர்கள். ஃபேஸ் (அலை ஏறி இறங்கும் நேரப் பொருத்தம்) மாறி அடி மெலிந்துவிடும். இரண்டும் சேரும் பொதுத் தடமான பஸ்ஸில் போடுங்கள்.