கோடு போடுவதிலிருந்து சுவர் எழுப்புவதற்கு: 12 ஆண்டு பிம் அனுபவம்

கட்டடங்களைக் கோடுகளாக வரைந்து பழகிய நான், பிம் எனப்படும் முப்பரிமாண மாடலிங் முறைக்கு மாறி 12 ஆண்டுகள் ஆகின்றன. கணினியில் கோடு வரையும் மென்பொருளான ஆட்டோகேட் 1982-இலும், பிம் மென்பொருளான ஆர்ச்சிகேட் 1984-இலும் வெளிவந்தன என்பதால், இது அப்படியொன்றும் புதிய தொழில்நுட்பமன்று.

இரண்டு இணைகோடுகள் போட்டால் வரைபடத்தில் அது சுவராகிவிடும். மாடலிலோ, அந்தச் சுவர் எதனால் ஆனது, பூச்சு எத்தனை மில்லிமீட்டர், எந்த மட்டத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதையெல்லாம் சொன்னால்தான் அது முழுமை பெறும். கட்டுமான வரைபடங்களின்போது யோசித்த விஷயங்களை இப்போது முதல் சில வாரங்களிலேயே யோசிக்க வேண்டியிருக்கிறது. என் பார்வையில் மிகப் பெரிய மாற்றம் இதுதான்.

இதன் பலனை ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் கண்ணாரக் கண்டேன். நடைகூடத்தின் மேற்கூரைக்குள் ஏசி டக்டும் கழிவுநீர்க் குழாயும் அடுத்தடுத்து ஓடின. தளப்படத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் 60-க்கு 1 என்ற சரிவில் 12 மீட்டர் ஓடிய குழாய், கடைசி முனையில் 200 மி.மீ. இறங்கி, அங்கே குறுக்காகத் திரும்பிய டக்டின் மேல் இடித்ததை மாடலின் மோதல் சோதனை காட்டிக் கொடுத்தது. இது கட்டுமான இடத்தில் தெரியவந்திருந்தால், பீமில் துளை போடலாமா என்ற பேச்சு எழுந்திருக்கும்.

மாடல் தரும் துல்லியத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. தற்காலிகமாக நான் வைத்த ஒரு ஜன்னல் வகை, அளவுப் பட்டியலில் தானாக ஏறி, விலைப்புள்ளி வரை போய்விட்டது. அன்றுமுதல், எந்தக் கட்டத்தில் எந்தப் பகுதியை எவ்வளவு நம்பலாம் என்பதை எல்ஓடி (மாடலின் விவர நிலை; எண் கூடக் கூட விவரமும் கூடும்) 100, 200, 300 என்று எழுதி, எல்லோரிடமும் ஒப்புதல் பெற்றுவிடுகிறேன்.

பொறியாளர் வேறு மென்பொருள் பயன்படுத்தினால் சிக்கல் கூடும். வெவ்வேறு மென்பொருள்களுக்கிடையே மாடலைப் பரிமாறுவதற்கான ஐஎஸ்ஓ 16739 தரநிலையின்படி அமைந்த ஐஎஃப்சி கோப்பு, சுவர் போன்றவற்றின் வடிவத்தையும் பண்புகளையும் கொண்டுசேர்க்கிறது. ஆனால் மறுபக்கத்து மென்பொருளில் அந்தச் சுவரைப் பழையபடி திருத்த முடிவதில்லை. ஆகவே ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு சாய்கூரை மட்டும் கொண்ட சிறு மாடலை முதலில் அனுப்பி, அது எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குகிறேன்.