மார்பக ஸ்டெம் செல்லும் இம்யூன் செல்லும்: ஆன்லைன் கோர்ஸ் ரிவ்யூ (5க்கு 3.5)

இம்யூன் செல்னாலே கிருமிய அடிக்கிறது மட்டும்தான் வேலைன்னு நினைக்கிறவங்க இந்த வீடியோ கோர்ஸ பாக்கலாம், ஏன்னா எடுத்த எடுப்புலயே அந்த போலீஸ்-திருடன் கதைய ஓரமா வச்சிட்டு, மார்பகம் வளர்றதுக்கே மேக்ரோஃபேஜ் (கிருமியையும் செத்த செல்லையும் தின்னுற ஒரு வகை இம்யூன் செல்) வேணும்ங்கிற இடத்துல இருந்து ஆரம்பிக்கிறாங்க.

2006ல மெல்போர்ன் வால்டர் அண்ட் எலைசா ஹால் இன்ஸ்டிட்யூட்ல ஜேன் விஸ்வேடர், ஜெஃப் லிண்டமன் டீம் ஒரே ஒரு மார்பக ஸ்டெம் செல்ல (மத்த வகை செல்ல உருவாக்குற மூல செல்), சுரப்பிய எடுத்துட்ட எலியோட கொழுப்புத் திசுக்குள்ள வச்சாங்க, அதுல இருந்து முழு பால் சுரப்பியே வளந்துச்சு. இத எல்லாரும் சொல்லுவாங்க. அடுத்து கேக்குற கேள்விதான் செம: அதே ஸ்டெம் செல், அதே இடம், ஆனா அங்க இருக்கிற மேக்ரோஃபேஜ மட்டும் மருந்து குடுத்து காலி பண்ணா? சுரப்பி வளர்றது ரொம்பவே குறைஞ்சிடுது. ஏன்னு 2018ல வந்த வேலைய வச்சு விளக்குறாங்க. ஸ்டெம் செல் மேல டிஎல்எல்1னு ஒரு புரோட்டீன் இருக்கு, அது பக்கத்துல இருக்கிற மேக்ரோஃபேஜோட நாட்ச்ங்கிற ரிசெப்டர (சிக்னல வாங்குற புரோட்டீன்) தூண்டுது, மேக்ரோஃபேஜ் பதிலுக்கு வின்ட்ங்கிற சிக்னல அனுப்புது, அந்த சிக்னல் வர்ற வரைக்கும்தான் ஸ்டெம் செல் ஸ்டெம் செல்லா இருக்கும். அனிமேஷன் ரொம்ப சுமார், ஆனா விளக்கம் அவ்ளோ தெளிவு. பால் குடுக்கிறது நின்னதும் செத்துப்போற செல்ல தின்னு சுத்தம் பண்றதுலயும் மேக்ரோஃபேஜுக்கு பங்கு இருக்குன்னு போற போக்குல சொல்லிட்டு போயிடறாங்க, அங்க இன்னும் கொஞ்சம் நின்னிருக்கலாம்.

கேன்சர் பாகத்துல நல்லதும் இருக்கு சொதப்பலும் இருக்கு. நல்லது என்னன்னா 2001 எலி ஆராய்ச்சி. மேக்ரோஃபேஜ வரவைக்கிற சிஎஸ்எஃப்-1ங்கிற புரோட்டீன் இல்லாத எலிக்கும் மார்பக ட்யூமர் வரத்தான் செஞ்சுது, ஆனா முத்திப்போறது தள்ளிப்போச்சு, நுரையீரலுக்கு பரவறது குறைஞ்சுது. அதாவது சுரப்பிய கட்டிக்குடுத்த அதே செல் ட்யூமருக்கும் வேலை பாக்குது. இத புரிஞ்சுகிட்டா 'இம்யூனிட்டிய ஏத்துங்க கேன்சர் வராது'ன்னு பவுடர் விக்கிறவன்கிட்ட எந்த செல்ல ஏத்துறீங்க, எங்க ஏத்துறீங்கன்னு கேக்கலாம், பதில் வராது.

சொதப்பல், 2003 கேன்சர் ஸ்டெம் செல் (புதுசா ட்யூமர உருவாக்கக்கூடிய கேன்சர் செல்) ஆராய்ச்சிய சொல்ற இடம். மனுஷ மார்பக கேன்சர் செல்ல எலிக்குள்ள போட்டாங்க; மேல்பரப்புல சிடி44ங்கிற புரோட்டீன் இருந்து சிடி24ங்கிற புரோட்டீன் இல்லாத, இல்ல கம்மியா இருக்கிற செல்கள் 100 போதும் ட்யூமர் வர்றதுக்கு, மத்த செல்ல ஆயிரக்கணக்குல போட்டாலும் வரலன்னு காட்டுறாங்க, சரி. ஆனா அந்த எலிங்க டி செல், பி செல்ங்கிற முக்கியமான இம்யூன் செல் ரெண்டும் வேலை செய்யாத எலிங்கங்கிறத ஒரு வார்த்தை கூட சொல்லல! இம்யூன் செல் பத்தின கோர்ஸ்ல இத விடலாமா? மனுஷ செல்ல எலி உடம்பு தள்ளிடக்கூடாதுன்னுதான் அப்படிப்பட்ட எலிய எடுக்கிறாங்க, அது நியாயம்தான், ஆனா முழு இம்யூன் சிஸ்டம் இருக்கிற உடம்புல அதே 100 செல் என்ன ஆகும்ங்கிற கேள்விக்கு அந்த ஆராய்ச்சியில பதில் கிடையாது, அத சொல்லியிருந்தா மாணவங்களுக்கு எவ்ளோ பிரயோஜனமா இருந்திருக்கும்.

டி செல் பகுதி சும்மா ஒப்புக்கு. ட்ரிபிள் நெகட்டிவ் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ரிசெப்டரும் ஹெர்2 மிகுதியும் இல்லாத) மார்பக கேன்சர் வகையில ட்யூமருக்குள்ள லிம்ஃபோசைட் (டி செல் மாதிரி இம்யூன் செல்) நிறைய இருந்தா பொதுவா நோயாளிக்கு பலன் நல்லா இருக்குன்னு ஒரு ஸ்லைடு. டி செல்லுக்கு பிரேக் போடுற பிடி-1ங்கிற புரோட்டீன தடுக்கிற மருந்து பெம்ப்ரோலிசுமாப், 2021ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஆபத்து அதிகமான ஆரம்ப கட்ட ட்ரிபிள் நெகட்டிவுக்கு கீமோவோட சேத்து அனுமதிச்சதுன்னு இன்னொரு ஸ்லைடு, அவ்ளோதான். தைராய்டு மாதிரி சுரப்பிங்கள பாதிக்கிற பக்கவிளைவு பத்தி பேச்சே இல்ல.

பயாலஜி அடிப்படை தெரிஞ்ச காலேஜ் பசங்களுக்கு சூட் ஆகும், காசுக்கு பாதகமில்ல. வீட்ல யாருக்காவது சிகிச்சை நடக்குதுன்னு இத வாங்காதீங்க, அதுக்கான விஷயம் இதுல இல்ல, ஆன்காலஜிஸ்ட்கிட்ட கேளுங்க.