'வழிபாட்டுத் தலங்கள்' சார்ட்: வாங்கலாமா?

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பேப்பர் கடைகளுக்கு நடுவே ஸ்கூல் சார்ட் விற்கிற கடைகளும் உண்டு. பழங்கள், காய்கறிகள், தேசத் தலைவர்கள், நல்ல பழக்கங்கள் என்று தொங்குகிற வரிசையில் 'வழிபாட்டுத் தலங்கள்' சார்ட்டும் இருக்கும். லேமினேட் செய்தது 80 ரூபாய், சாதா பேப்பர் 25. நான் ராயபுரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர். இரண்டு விதத்திலும் ஒன்று வாங்கி ஒரு டெர்ம் முழுக்க வகுப்பில் வைத்திருந்தேன். கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை. கடையில் பார்த்த மற்ற கம்பெனி சார்ட்டுகளிலும் ஏறக்குறைய இதே படங்கள்தான்.

லேமினேட் சார்ட் டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளக்கிறது. கடைசி பெஞ்ச் பிள்ளைகளுக்குப் பாதிப் படம் தெரியாது. கீழே செருகியிருக்கிற பிளாஸ்டிக் கம்பி சீக்கிரமே கழன்று விழுந்தது. தலைப்பிலேயே 'வழிப்பாட்டு' என்று ஒரு 'ப்' அதிகம். எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அந்த ஒற்றெழுத்தைக்கூடப் பார்க்கவில்லை! மார்க்கர் வைத்து நானே அடித்தேன்.

படங்களுக்கு வருவோம். கோயில் என்று வடநாட்டுச் சிகரம் ஒன்று. திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் ராஜகோபுரத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது கோயிலாகவே படவில்லை. சர்ச் என்று பனி மூடிய மலையடிவாரத்தில் ஒரு கூர்க்கூரைக் கட்டடம். மசூதிக்கு என்ன படம் தெரியுமா? தாஜ்மஹால்! அது கல்லறை. வளாகத்துக்குள் ஒரு மசூதியும் இருக்கிறது, ஆனால் இவர்கள் போட்டிருப்பது நடுவில் இருக்கிற அந்த வெள்ளைக் குவிமாடத்தை. சீக்கியர்களின் பொற்கோயில் மட்டும் பொற்கோயிலாகவே இருக்கிறது. முதல் நாளே மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, "மிஸ், இது எங்க சர்ச்சு இல்ல மிஸ்" என்றாள். அவள் சொன்னது ராயபுரம் புனித பேதுரு ஆலயத்தை. படகுக்காரர்கள் 1829இல் கட்டிய கோயில் அது.

படங்களுக்குக் கீழே ஒரு அட்டவணை: மதம், நிறுவியவர், புனித நூல், வழிபடும் இடம். பாதிப் பிள்ளைகளின் வீடு இந்தக் கட்டங்களில் அடங்காது. 'உங்கள் வீட்டில் எப்படி?' என்று நோட்டில் எழுதச் சொன்னேன். ஒரு பையன் புனித நூல் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தான். கேட்டால், "புக்கெல்லாம் இல்ல மிஸ். ஆயா உடுக்கை வெச்சிருக்கு. ஆடி மாசம் அங்காளம்மனுக்குக் கூழு ஊத்துவோம், அவ்ளோதான்" என்கிறான். இன்னொருத்தி வழிபடும் இடம் என்பதில் மூன்று எழுதியிருந்தாள். முருகன் கோயில், செப்டம்பரில் பெரியம்மாவோடு நடந்துபோகிற பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில், தம்பி பயந்து அழுதால் சாயங்காலம் தொழுகை முடிகிற நேரத்துக்கு ஓதவைக்கத் தூக்கிப் போகிற மசூதி வாசல். இதில் எதை நான் சிவப்பு மையால் அடிப்பது? இந்தத் தகவல் ஒன்றுகூட சார்ட்டில் ஏறாது. 'நிறுவியவர்' கட்டத்தில் இந்து மதத்துக்கு நேரே ஒரு கோடு இழுத்து விட்டிருக்கிறார்கள், கட்டம் பொருந்தவில்லை என்பதற்கு அது போதாதா?

ஒரு நல்ல விஷயமும் உண்டு. வலது மூலையில் சின்னதாக ஒரு பார்சி அக்கினி ஆலயம், அதாவது நெருப்பை முன்வைத்து வழிபடுகிற ஜொராஸ்டிரிய மதத்தாரின் கோயில். பிள்ளைகள் பார்த்ததும் ஹோம குண்டம் என்றார்கள், ஒருவன் பொங்கல் பானை என்றான். "இது நம்ம ராயபுரத்திலேயே இருக்கு" என்றதும் வகுப்பே நம்பவில்லை. மேற்கு மாதா சர்ச் ரோட்டில் இருக்கிறது, கிளப்வாலா குடும்பத்தினர் 1910இல் கட்டியது. சென்னையில் பார்சிகளுக்கு இருக்கிற ஒரே அக்கினி ஆலயம். பார்சி அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது, எனவே வெளியே நின்று கேட்டைத்தான் பார்த்தோம். "ஏன் விட மாட்டாங்க?" என்ற கேள்வியில் அன்றைய பீரியட் போனது. அந்த மூலைப் படத்துக்காக மட்டும் ஒரு நட்சத்திரம் கூடுதலாகப் போடலாம்.

அப்புறம் கருப்புச் சட்டைத் தாத்தா. ஒரு பையனின் தாத்தா திராவிடர் கழகத்துக்காரர், கோயில் வாசலைக்கூட மிதிக்காதவர். "எங்க தாத்தாவுக்கு எந்தப் படம் மிஸ்?" என்று கேட்டான். சார்ட்டில் இடமில்லை. இங்கிலாந்தில் மதங்களைப் பற்றிய பாடம் தொடக்கப் பள்ளியிலேயே உண்டு. ஆனால் தேசியப் பாடத்திட்டத்தில் கிடையாது. அரசுப் பள்ளிகள் பலவற்றுக்கு அந்தந்த உள்ளாட்சிப் பகுதி ஆசிரியர்களையும் உள்ளூர் மதத்தாரையும் உட்காரவைத்துப் பேசிப் பாடத்திட்டம் முடிவு செய்கிறது. வேண்டாம் என்கிற பெற்றோர் பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். 2018இல் அங்கே ஒரு ஆணையம், பாடத்தின் பெயரையே 'மதமும் உலகப் பார்வைகளும்' என்று மாற்றி, மதம் சாராதவர்களின் பார்வையையும் அதில் சேர்க்கச் சொன்னது. அங்கேயும் இதில் தகராறு இல்லாமல் இல்லை. ஆனாலும் ஊருக்கு ஊர் பாடம் மாறலாம் என்கிற அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. நம் சார்ட்டுக்காரர் நாடு முழுக்க ஒரே அச்சை ஓட்டுகிறவர், அவரிடம் ராயபுரத்தைக் கேட்க முடியாது.

நம் ஊரில் இதையெல்லாம் நடத்தலாமா என்று சக டீச்சர்களே கேட்கிறார்கள். ஒரு அம்மா நேராக வந்து, "எம்புள்ளைய எதுக்கு மசூதி வரையச் சொன்னீங்க?" என்று சத்தம் போட்டார். வரையத்தான் சொன்னேன், தொழச் சொல்லவில்லை என்றேன். அரசியலமைப்பின் 28ஆவது பிரிவுப்படி முழுக்க அரசுப் பணத்தில் நடக்கிற பள்ளியில் மத போதனை கூடாது. அங்கீகாரமோ உதவியோ பெற்ற மற்ற பள்ளிகளிலும், பெற்றோர் சம்மதிக்காமல் பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ உட்காரவைக்க முடியாது. ஆனால் மதங்களைப் பற்றிச் சொல்லித்தருவது வேறு. பள்ளிப் பாடத்திட்டத்தில் மதங்களைப் பற்றிச் சேர்ப்பதை எதிர்த்துப் போட்ட அருணா ராய் வழக்கில், 2002இல் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொண்டது. அந்த அம்மாவிடம் வழக்கையெல்லாம் சொல்லவில்லை. பையன் வரைந்ததை எடுத்துக் காட்டினேன். பக்கத்தில் அவன் பிள்ளையார் கோயிலையும் பெரிதாக வரைந்து வைத்திருந்தான். முறைத்துக்கொண்டேதான் போனார்.

சரி, வாங்கலாமா? லேமினேட் வேண்டாம், 25 ரூபாய் சாதா சார்ட்டை வாங்குங்கள். காரணம் அதன் பின்பக்கம். வெள்ளையாக, கெட்டியாக, பென்சிலுக்கும் கிரேயானுக்கும் தோதாக இருக்கிறது (லேமினேட்டில் எது எழுதினாலும் வழுக்கும்). திருப்பிப் போட்டு நடுவில் பள்ளியை வரைந்தேன். அவரவர் வீட்டிலிருந்து நடந்து வருகிற வழியில் யார் எங்கே கும்பிடுகிறார்கள், எங்கே செருப்பைக் கழற்றுகிறார்கள் என்று வரையச் சொன்னேன். வேப்பமரத்தடி நாகம்மா வந்தது. காசிமேட்டில் மாதா படம் ஒட்டிய விசைப்படகு வந்தது. தர்கா வாசல் சாம்பிராணிப் புகையைச் சாம்பல் கலரில் ஒருத்தி கிறுக்கியே காட்டினாள். கருப்புச் சட்டைத் தாத்தா திண்ணையில் பேப்பர் படிக்கிறார், சுற்றி எதுவும் இல்லை. பெரம்பூர் அத்தை வீட்டுக்குப் போய்வந்த பையன் அங்கே பார்த்த புத்தர் கோயிலை, இடமில்லாமல், ஓரத்தில் தலைகீழாக வரைந்தான்.

முன்பக்கத்துக்கு இரண்டு நட்சத்திரம், பார்சி படத்தையும் சேர்த்து. பின்பக்கத்துக்கு ஐந்து. சார்ட்டைச் சுருட்டிக் கொடுக்கும்போது ரப்பர் பேண்டை இறுக்கிப் போடுவார்கள், மடிப்பு விழுந்துவிடும். தளர்வாகப் போடச் சொல்லி வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், தெருவில் பாதிக் கடை மூடியிருக்கும்.