கரையில் நிற்பவனுக்கு எதற்குக் கயாக்? மூன்று ராடும் ஒரு கயாக்கும் ஒன்றரை வருடமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கரை ஆள். பத்து நாள் தூண்டில் போடப் போனால் எட்டு நாள் மணலிலோ கல்லிலோதான் நிற்பேன். கடலூர் என்பதால் தேவனாம்பட்டினம் கடற்கரை, தாழங்குடாவில் தென்பெண்ணை கடலில் சேரும் முகத்துவாரம், லீவு கிடைத்தால் பரங்கிப்பேட்டை வெள்ளாற்றுப் பக்கம், அவ்வளவுதான் என் எல்லை. கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி நீட்டுகிறார்களே, அதற்கு அரசாங்கக் காகிதத்தில் பெயரே 'தூண்டில் வளைவு'. எங்களுக்காகவே வைத்த பெயர் மாதிரி இருக்கிறது, சனிக்கிழமை காலையில் போனால் நிற்க இடம் இருக்காது.

அப்படிப்பட்ட ஆள் கயாக், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகு, வாங்கினேன் என்றால் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. கையில் இருக்கும் மூன்று தூண்டில் ராடையும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் ராடையும் கயாக்கையும் தனித்தனியாக யோசித்ததுதான் நான் செய்த தப்பு.

முதல் ராடு 12 அடி சர்ஃப் ராடு, அதாவது கரையிலிருந்து அலையைத் தாண்டி வீசும் நீள ராடு, மூன்று துண்டு, 100 முதல் 200 கிராம் வரை எடை கட்டி வீசலாம் என்று எழுதியிருக்கும். பெரிய கடல், பெரிய ராடு என்ற கணக்கில் வாங்கியது. எல்லோரும் முதலில் இதைத்தான் வாங்குகிறோம், எல்லோரும் இதில்தான் ஏமாறுகிறோம். ராடு பின்னால் வளைந்து திரும்பும்போதுதான் ஈயம் பறக்கும். 200 கிராம் தாங்கும் ராடில் 40 கிராம் ஈயத்தைக் கட்டி வீசினால் அது வளையவே வளையாது, பரண் மேல் பானை எடுக்கும் கம்பு மாதிரி நிற்கும். அதைவிடக் கொடுமை, தேவனாம்பட்டினத்தில் கிழங்கான் மீன் மேய்வது பெரும்பாலும் கரைக்கும் முதல் மணல்மேட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில், முப்பது நாற்பது மீட்டருக்குள். நான் ஆறு மாதம் மீனின் தலைக்கு மேலே வீசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் ராடே இல்லாமல், கையில் தூண்டில் நரம்பைச் சுற்றிவைத்துக்கொண்டு, பை நிறையக் கிழங்கான் எடுத்துப் போனார். இப்போது இந்த ராடு வெளியே வருவது இரவில் திருக்கைக்கும் கெளுத்திக்கும் மட்டும். அதற்கு நல்ல ராடு, குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாவது 9 அடி, இரண்டு துண்டு, கார்பன், 20 முதல் 60 கிராம். நரம்பு சுற்ற 5000 அளவு ரீல், பி.இ. 2 தடிமனில் பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு. கரை ஆளுக்கு ஒரே ஒரு ராடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். 20 கிராம் மின்னோ லூரும், அதாவது குட்டி மீன் வடிவப் போலி இரையும் போகும், 50 கிராம் ஈயத்தோடு இறாலும் போகும், கல் மேல் நின்று மீனை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பவும் நீளம் போதும். பைக்கில் கட்டினால் நாலரை அடிதான். ஒற்றைத் துண்டு ராடு நன்றாக இருக்கும் என்பார்கள், அவர்களிடம் கார் இருக்கும். மடக்கு ராடு, அதாவது ஒன்றுக்குள் ஒன்று இழுக்கும் டெலஸ்கோப் வகை, கடற்கரைக்கு வேண்டவே வேண்டாம். மணல் ஒரு தரம் இணைப்புக்குள் போய்விட்டால் நீட்டினது மடங்காது, மடங்கினது நீளாது. இரண்டு துண்டு ராடிலும் இணைப்பில் கொஞ்சம் மெழுகுவர்த்தி தேய்த்து வைத்தால் வீசும்போது சுழலாது, கழற்றும்போது ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்காது.

கடையில் ராடு பார்க்கும்போது எல்லோரும் கையில் பிடித்துக் காற்றில் ஆட்டிப் பார்க்கிறார்கள், அதனால் ஒன்றும் தெரியாது. நரம்பு போகும் வளையங்களைப் பாருங்கள். உள்ளே ஒரு பீங்கான் வளையம் பதித்திருக்கும், அதில் முடி அளவு விரிசல் இருந்தாலும் பிரெய்டு ஒவ்வொரு வீச்சிலும் அறுபட்டுக்கொண்டே வரும், ஒருநாள் நல்ல மீன் பிடித்திருக்கும்போது 'டக்' என்று போகும். காது குடையும் பட்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் மெதுவாகச் சுற்றுங்கள். விரிசல் இருந்தால் பஞ்சின் நூல் அங்கே பிசிறிக்கொண்டு நிற்கும். நான் இதைக் கடையிலேயே செய்தேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், பரவாயில்லை. இரண்டாவதாக எடுத்துக் கொடுத்த ராடில் நுனியிலிருந்து மூன்றாவது வளையத்தில் பஞ்சு பிடித்தது. பெயர் சொல்லவில்லை, நல்ல பெயரெடுத்த பிராண்டுதான். அப்புறம் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு மெதுவாகத் தூக்கிப் பார்க்கலாம். ராடு எங்கே வளைகிறது, நுனி மட்டுமா, பாதி வரையா என்று அப்போது தெரியும். ஷோரூமில் விடமாட்டார்கள், சின்னக் கடையில் கேட்டால் விடுவார்கள்.

மூன்றாவது ராடுக்கு வருவதற்குமுன் கயாக் கதையைச் சொல்லியாக வேண்டும், அது வந்ததே கயாக்கால்தான்.

நான் முதலில் போட்ட கணக்கு என்னவென்றால், 9 அடி ராடு கரைக்கும் ஆயிற்று கயாக்குக்கும் ஆயிற்று. நடந்தது வேறு. கயாக்கில் நாம் உட்கார்ந்திருக்கிறோம், லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறோம். நீளமான அடிப்பிடி ஒவ்வொரு சுற்றுக்கும் ஜாக்கெட்டில் இடிக்கும், இல்லையென்றால் தொடையில் இடிக்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மீன் பக்கத்தில் வந்துவிட்ட பிறகுதான் உண்மையான சிக்கல். கரையில் என்றால் நாலு எட்டு பின்னால் நடப்போம், மீன் மணலுக்கு வந்துவிடும். கயாக்கில் பின்னால் எங்கே நடப்பது? ராடு நுனி ஒன்பது அடி தள்ளி இருக்கிறது, மீன் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ராடை நெட்டுக்குத்தாகத் தூக்கினால் நுனி குடைக்கைப்பிடி மாதிரி வளையும், கார்பன் ராடு அந்த இடத்தில் ஒடியும். எனக்கு ஒடிந்தது ஒன்றரைக் கிலோ கூட இல்லாத ஒரு கெளுத்திக்கு. நாலு அங்குலம் போயிற்று. மிச்சத்தில் புது நுனி வளையம் ஒட்டி இன்றைக்கும் அதைத்தான் கரையில் வீசுகிறேன், 8 அடி 8 அங்குலம், உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத அளவு.

அதனால் மூன்றாவது: 7 அடி, மீடியம் ஹெவி (கொஞ்சம் விறைப்பான வகை), 10 முதல் 35 கிராம், அடிப்பிடி குட்டை. கயாக்குக்கு ஆறரையிலிருந்து ஏழு அடி போதும். மிகவும் குட்டையாகவும் கூடாது, மீன் கயாக்கின் மூக்கைச் சுற்றி அடுத்த பக்கம் ஓடினால் ராடு நுனி அந்த முனையைத் தாண்டி வர வேண்டும். சுத்தக் கார்பனைவிடக் கண்ணாடி இழை கலந்த ராடு இங்கே நல்லது. அக்லி ஸ்டிக் என்ற பிராண்டு ராடை 1976இல் இருந்து கார்பனும் கண்ணாடி இழையும் கலந்துதான் செய்கிறார்கள். கனமாக இருக்கும், கடி கொஞ்சம் மந்தமாகத் தெரியும், ஆனால் கயாக்கில் ராடு இடி வாங்கும், மிதி வாங்கும், காலடியில் கிடக்கும். அங்கே நுணுக்கத்தைவிட முரட்டுத்தனத்துக்குத்தான் மரியாதை.

சரி, கயாக். மூன்று வகையில் ஏறிப் பார்த்தேன். நண்பனுடைய காற்றடைக்கும் கயாக் ஒன்று. பத்துப் பன்னிரண்டு கிலோ, கார் டிக்கியில் அடங்கும், மாடி வீட்டுக்காரர்களுக்கு வேறு வழியும் இல்லை. டெகத்லான் விளையாட்டுச் சாமான் கடையில் இட்டிவிட் என்ற பெயரில் வந்தது பெரும்பாலும் இந்த வகைதான். சும்மா துடுப்புப் போட அருமை. தூண்டிலுக்கு என்றால் வெள்ளாற்றுக் கல்லில் ஒட்டியிருக்கும் சிப்பி ஓடு, கெளுத்தி முள், மூன்று முனை லூர் கொக்கி என்று பயந்து பயந்து உட்கார வேண்டும், காற்றடித்தால் பலூன் மாதிரி நகரும், வீட்டுக்கு வந்து மடிப்புக்குள் இருக்கும் ஈரம் காய ஒரு பகல் ஆகும்.

அடுத்தது பெடல் கயாக். ஹோபி கம்பெனி 1997இல் கொண்டுவந்தது இந்த யோசனை, காலால் மிதித்தால் அடியில் இரண்டு துடுப்பு பென்குயின் இறக்கை மாதிரி அடிக்கும், இப்போது விசிறி வைத்தும் பலர் செய்கிறார்கள். கை இரண்டும் சும்மா இருப்பதால் ஓட்டிக்கொண்டே வீசலாம். நண்பர் ஒருவரிடம் வாங்கி அரை நாள் ஓட்டினேன், இறங்க மனசே வரவில்லை. ஆனால் பாகங்களோடு 45, 50 கிலோ. ஒற்றை ஆளாகக் கார் மேல் ஏற்ற முடியாது. விலையும் பழைய கார் வாங்கும் விலை. அதோடு எங்கள் முகத்துவாரத்தில் கோடையில் மணல் ஏறி முழங்கால் தண்ணீர்தான், பெடலின் கீழ்ப்பாகம் தரையில் உரசும், தூக்கிவைத்துவிட்டு மறுபடி கைத்துடுப்புதான். ஆழமான அணையிலோ ஏரியிலோ சுற்றுகிறவர்களுக்குப் பொருந்தும்.

நான் வாங்கியது 10 அடி, மேலே உட்காரும் வகை, 26 கிலோ, 32 அங்குல அகலம், செகண்ட் ஹேண்ட். தாழங்குடாவில் முதல் நாள் இறக்கும்போது வலை உலர்த்திக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் வந்து தட்டிப் பார்த்தார், அடியில் போகும் ஓட்டைகளைக் குனிந்து பார்த்தார்.

"ஓட்டையில தண்ணி ஏறாதா தம்பி?"

"ஏறும் அண்ணே, அதே வழியா எறங்கிடும்."

"அப்ப இது பிளாஸ்டிக் கட்டுமரம்னு சொல்லு."

அதேதான். கட்டுமரத்தில் தண்ணீர் மரங்களுக்கு நடுவே வந்து போகும், மூழ்குவதற்கு உள்ளே இடமே இல்லை, இதுவும் அதே ஏற்பாடு. கடலோரம் போகிறவர்கள் உள்ளே கால் நுழைத்து உட்காரும் கயாக் பக்கம் போகாதீர்கள், கவிழ்ந்தால் தொட்டி மாதிரி நிரம்பும்.

இப்போது என் கருத்து. கயாக் வாங்கினால் நடுத் தண்ணீரில் உட்கார்ந்து மீன் பிடிப்போம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். குறித்து வைத்த நோட்டைப் புரட்டினால், கயாக் எடுத்துப்போன நாட்களில் முக்கால்வாசி மீன் நான் கயாக்கை விட்டு இறங்கி நின்று பிடித்தது. முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் நடந்து போக முடியாத மணல்திட்டு இருக்கிறது, அங்கே யார் காலடியும் இல்லை. கயாக்கை ஏற்றிவிட்டு, பின்பக்கக் குழியில் இரண்டு துண்டாகக் கட்டி வைத்திருக்கும் 9 அடியை மாட்டி, வற்றம், அதாவது கடல் தண்ணீர் இறங்குவது, தொடங்கும் நேரத்தில் நீரோட்டம் வளையும் முனையில் வீசினால் கொடுவா மீன். போகும் வழியில் புதர் வேருக்கடியில் 7 அடியால் நாலு வீச்சு, அதிர்ஷ்டம் இருந்தால் செப்பிலி. எனக்குக் கயாக் என்பது வேறு கரைக்குப் போகும் ஓடம், அவ்வளவுதான். இது முன்பே தெரிந்திருந்தால் கடையில் பார்க்க வேண்டியதே வேறு. ராடு ஹோல்டர் எத்தனை, மீன் காட்டும் கருவி மாட்ட இடம் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். பின்பக்கக் குழி எவ்வளவு பெரியது, மணலில் இழுக்கும்போது தேயும் அடி முனையில் மாற்றக்கூடிய பட்டை இருக்கிறதா, கைப்பிடி கயிறா வெறும் பிளாஸ்டிக்கா, தனியாகத் தூக்க முடியுமா, இதைத்தான் பார்க்க வேண்டும்.

கூடவே கொடுக்கும் துடுப்பை நம்பாதீர்கள். எனக்கு வந்தது 220 சென்டிமீட்டர். 32 அங்குல அகலக் கயாக்குக்கு 240க்குக் குறைந்தால் ஒவ்வொரு போடுக்கும் விரல் முட்டி ஓரத்தில் உரசும், இரண்டாம் நாள் எனக்கு இரண்டு கையிலும் தோல் போய் ரசம் சாதம் பிசைய முடியவில்லை. கயாக்கை ஏற்றி இழுக்கும் தள்ளுவண்டியும் அப்படித்தான், ஒல்லிச் சக்கரம் உலர்ந்த மணலில் புதைந்துவிடும், பலூன் சக்கரம் வேண்டும். தாங்கும் எடை 150 கிலோ என்று போட்டிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள், சாமான், பிடிக்கப்போகும் மீன் எல்லாம் சேர்த்து.

அலைக்குள்ளே இறக்கும் ஆசை எனக்கும் வந்தது. தேவனாம்பட்டினத்தில் ஒரு அமைதியான காலையில் முயன்றேன், இரண்டாவது அலை வரும்போது கயாக் பத்து டிகிரி திரும்பியிருந்தது, அவ்வளவு போதும், புரட்டிப் போட்டது. ஒரு ராடும் ஒரு செருப்பும் போயின. இப்போது ராடு, துடுப்பு எல்லாவற்றுக்கும் கயிறு. கழிமுகத்திலும் ஒரு பொறி உண்டு. விடியற்காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், அதே நேரம் வற்றமும் சேர்ந்தால் துடுப்பே போடாமல் கடலுக்குள் கொண்டுபோய்விடும், சுகமாகத்தான் இருக்கும், திரும்பும்போது தெரியும். அதனால் நான் முதலில் எதிர் ஓட்டத்தில் ஏறிப் போவேன், களைத்த பிறகு ஓட்டத்தோடு வருவேன். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வந்தால் கயாக் வீட்டை விட்டு நகராது.

செகண்ட் ஹேண்ட் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. சாயங்காலம் இருட்டிய பிறகு போங்கள். மூடியைத் திறந்து உள்ளே டார்ச்சைப் போட்டுவிட்டு வெளியே இருந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், மணலில் இழுத்துத் தேய்ந்து மெலிந்த இடத்தில் வெளிச்சம் கூடுதலாகத் தெரியும். நான் பட்டப்பகலில் போய், பளபளவென்று கழுவி வைத்திருந்ததைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். பின் முனையில் ஒரு ரூபாய் அளவுக்கு மெலிந்த இடம் இருந்தது. மூன்றாம் மாதம் அங்கேதான் ஒழுக ஆரம்பித்தது, பிளாஸ்டிக் குடம் ஒட்டுகிறவரிடம் தூக்கிப் போனேன், அவர் சூடு வைத்து ஒட்டிக்கொடுத்து நூறு ரூபாய் வாங்கினார். இன்னும் ஒழுகவில்லை.